வந்தவளுக்கு வீசிய காற்று

பனியன் தைக்கிற ஊர் ஒன்றில், ஒரு முட்டுச்சந்தின் கடைசியில், ஒரு மாடி வீடும் அதன் சுவரை ஒட்டி ஒரு லைன் வீடும் இருந்தன. மாடி வீட்டில் இரண்டே பேர் குடியிருந்தார்கள். லைன் வீட்டில் ஐந்து கதவு, ஐந்து குடும்பம், எல்லார் தலைக்கும் மேலே ஒரே நீளமான ஆஸ்பெஸ்டாஸ் கூரை. இரண்டுக்கும் சொந்தக்காரர் ரத்னசபாபதி.

கரண்ட் கம்பத்திலிருந்து மாடி வீட்டுக்கு நாலு கம்பி போயிற்று. கீழ்த்தளத்துக்கு ஒரு மீட்டர், மாடிக்கு ஒரு மீட்டர், தண்ணீர் மோட்டாருக்கு ஒன்று, கார் கொட்டகைக்கு ஒன்று. ஒவ்வொரு மீட்டரும் முதலில் கொஞ்ச தூரம் காசில்லாமல் ஓடும் என்பது அந்த ஊர் வழக்கம். ஒரு வண்டியில் போவதைவிட நாலு வண்டியில் போனால் நாலு மடங்கு தூரம் சும்மா போகலாம் என்பதை ரத்னசபாபதி யாரும் சொல்லிக்கொடுக்காமலே தெரிந்துவைத்திருந்தார்.

லைன் வீட்டுக்கு மட்டும் ஒரே கம்பி, ஒரே மீட்டர். "ஐந்து வீட்டுக்குமா ஒன்று?" என்று கேட்டவர்களிடம், "அது போதுமுங்க. வீடு என்ன அரமனையாட்டவா இருக்குது?" என்றார்.

நாலாவது கதவுக்குள் ஒரு பழைய மின்விசிறி தொங்கியது. அதற்கு எதன்மேலும் நம்பிக்கை கிடையாது. சுவரில் பல்லி ஊர்ந்தால், "இது யார் அனுப்பிய ஆள்?" என்று கேட்கும். அதைக் குறை சொல்லவும் முடியாது. மூன்று வீட்டில் தொங்கி, இரண்டு பழைய சாமான் கடையில் படுத்துக் கிடந்து, கடைசியில் மயில்தாய் கைக்கு வந்து சேர்ந்த விசிறி அது. 'இனிமேல் உனக்கு இதுதான் வீடு' என்று ஒவ்வோர் இடத்திலும் யாராவது சொல்லியிருந்தார்கள்.

மயில்தாய் தேனிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவள். கம்பெனியிலிருந்து பனியன் மூட்டையை வாங்கிவந்து, வீட்டிலேயே உட்கார்ந்து நூல் பிசிறு வெட்டிக்கொடுப்பாள். பக்கத்தில் ஈரத்துணி விரித்து, கைக்குழந்தை பொன்மலரைப் படுக்கவைத்திருப்பாள். கத்திரி வெயிலில் அந்தக் கூரை அடுப்பில் வைத்த தோசைக்கல்தான். குழந்தையின் கழுத்திலும் முதுகிலும் வேர்க்குரு கொப்பளித்துக் கிடந்தது. விசிறி சுற்றினால் தூங்கும், நின்றால் அழும். அந்த வீட்டின் சந்தோஷம் துக்கம் எல்லாம் அந்த மூன்று இறக்கையில் தொங்கிக்கொண்டிருந்தது.

விசிறிக்கோ உடம்பு சரியில்லை. கண்டென்சர் போய்விட்டது. சுவிட்ச் போட்டதும் முனகுமே தவிரச் சுற்றாது. துணிக்கம்பால் ஒரு தள்ளு தள்ளிவிட வேண்டும். உள்ளே செம்புச் சுருளான காயிலும் கருகத் தொடங்கியிருந்தது. ஒன்றுக்கு இரண்டாகக் கரண்ட் குடித்தது, பாதிக் காற்றுதான் கொடுத்தது. இது விசிறிக்கு மட்டும் தெரிந்த ரகசியம்.

ஒரு நாள் கம்பி ஒரு செய்தி கொண்டுவந்தது.

"சலுகை வருகிறாள்! வண்டி நிறையப் புது விசிறிகளோடு வருகிறாள். நீ குடிப்பதில் பாதி கரண்ட்கூடக் குடிக்காத விசிறிகள். இல்லாதவர்களுக்குச் சும்மா மாட்டிக் கொடுப்பாளாம்."

சுவிட்ச் சந்தோஷத்தில் ஒருமுறை தானாகவே சொடுக்கிக்கொண்டது. அது வெள்ளந்தி. யார் அமுக்கினாலும் சரி என்று சொல்லிப் பழகிய பிறவி.

"சும்மாவா?" என்றது விசிறி. "ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம். இவளுக்கு நம்மேல் என்ன திடீர் அக்கறை?"

"தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா?" என்றது சுவிட்ச்.

"பல்லைப் பார்க்க வேண்டாம். கொம்பையாவது பார்க்க வேண்டாமா?" என்றது விசிறி. பிறகு கம்பியைப் பார்த்து, "இல்லாதவர் யார் என்று அவளுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டது.

"அவளோடு அளவுகோல் வருகிறான். அவன் வாசலில் நின்று மீட்டரைப் பார்ப்பான். மெதுவாக ஓடினால் ஏழை, வேகமாக ஓடினால் பணக்காரன்."

விசிறிக்குத் தலை சுற்றியது. சுவிட்ச் போடாமலே சுற்றியது அன்றைக்குத்தான்.

"அப்படியானால் பழைய விசிறி வைத்திருப்பவன் பணக்காரன் ஆகிவிடுவானே! என்னைப் போன்ற தின்னிப்பண்டாரம் தொங்குகிற வீட்டில் மீட்டர் வேகமாகத்தானே ஓடும்? புது விசிறி யாருக்கு அவசியமோ, அவனைப் பார்த்துத்தான் 'உனக்கு எதற்கு?' என்று கேட்பான் போலிருக்கிறது."

கம்பி அடுத்த வீட்டுக்குச் செய்தி சொல்லப் போய்விட்டது. செய்தி கொண்டுவருவதுதான் அதன் வேலை.

அதே செய்தி மனிதர்கள் காதுக்கும் எட்டியது. முதல் கதவு சகாயராணி மற்ற நாலு வீட்டுக்காரர்களையும் குழாயடியில் கூட்டிவைத்துப் பேசினாள். யாரோ விற்றுவிட்டுப் போன ஒரு ஃப்ரிட்ஜ் அவளிடம் இருந்தது. அதனால் அந்த வரிசையில் அவள் பேச்சுக்குக் கொஞ்சம் மதிப்பு.

"எந்த நாள் வருவாங்கன்னு தெரியாது. அதனால இன்னையிலேர்ந்து பகல்ல யாரும் எதையும் போடக்கூடாது. ஃபேனு, டிவி, மிக்சி ஒண்ணும் கிடையாது. நானும் ஃப்ரிட்ஜப் புடுங்கிப் போடுறேன். மீட்டரு நின்னாத்தான் நம்மள ஏழைன்னு நம்புவாங்க."

"நம்ம ஏழைதானக்கா?" என்றாள் மயில்தாய். "அத எதுக்கு நடிச்சுக் காட்டணும்?"

"நெசத்த நடிச்சுக் காட்டுனாத்தான்டி நம்புறாங்க. பச்சப்புள்ளய வச்சிருக்க, ஒனக்குத்தான் புது ஃபேனு மொதல்ல வேணும். கொஞ்ச நாள் பல்லக் கடிச்சுக்கிட்டு இரு."

மயில்தாய் குழந்தையின் கழுத்தைப் பார்த்தாள். சரியென்று தலையாட்டினாள்.

அன்றிலிருந்து பகலில் ஐந்து வீட்டிலும் விசிறிகள் நின்றன. பொன்மலர் அழுது அழுது குரல் கம்மிப்போனாள். மயில்தாய் ஒரு கையால் பிசிறு வெட்டினாள், மறுகையால் துண்டை வீசினாள். மேலே விசிறி சும்மா தொங்கிக்கொண்டு பார்த்தது. சும்மா தொங்குவது எவ்வளவு கனம் என்று அதற்கு அப்போதுதான் தெரிந்தது.

ஆனால் மீட்டர் நிற்கவில்லை. ஐந்து வீட்டிலும் எல்லாம் அணைந்திருந்தும், அது மெல்ல மெல்ல ஊர்ந்துகொண்டே இருந்தது.

"யார் அது?" என்று விசிறி வாசலைப் பார்த்துக் கேட்டது. "யார் திருட்டுத்தனமாகக் குடிப்பது?"

"எனக்குத் தெரியாது," என்றது மீட்டர். அது பொய் சொல்லாத ஜாதி. "எனக்கு ஐந்து வாய், ஒரு தொண்டை. எந்த வாய்க்குள் எவ்வளவு போயிற்று என்று தொண்டைக்கு எப்படித் தெரியும்?"

அவ்வளவுதான். சந்தேகத்துக்கு இது போதாதா? இரண்டாம் வீட்டு மிக்சி மூன்றாம் வீட்டு இஸ்திரிப்பெட்டியைச் சந்தேகப்பட்டது. இஸ்திரிப்பெட்டி ஐந்தாம் வீட்டு டிவியைச் சந்தேகப்பட்டது. எல்லாரும் சேர்ந்து சகாயராணியின் ஃப்ரிட்ஜைச் சந்தேகப்பட்டார்கள். ஃப்ரிட்ஜ் பாவம், உள்ளே இட்லி மாவு பொங்கிப் புளித்து நாறுகிறது என்று திறந்து காட்டியது. அப்போதும் யாரும் நம்பவில்லை.

சாமான்களுக்கு வந்த வியாதி மனிதர்களுக்கும் தொற்றியது. மயில்தாய் ஒரு மத்தியானம் முதல் கதவுப் பக்கம் போய்ச் சுவரில் காதை வைத்துக் கேட்டாள். அதைச் சகாயராணி பார்த்துவிட்டாள்.

"என்னடி, வேவு பாக்குறியா?"

"இல்லக்கா. மீட்டரு ஓடிக்கிட்டே இருக்கு, அதான்..."

"அதான்னா? என் வீட்டுலதான் ஓடுதுங்குறியா? மாவெல்லாம் புளிச்சுக் கீழ கொட்டினேன்டி நானு! ஒன் வீட்டுல நீ கதவச் சாத்திக்கிட்டு என்ன பண்றன்னு எனக்குத் தெரியுமா?"

"என் புள்ள அழுகுறது ஒங்க காதுல விழலையா? ஃபேனு போட்டா அது அழுகுமா?"

"அழுகுறது வெயிலுக்கோ, நீ கிள்ளிவிட்டோ, யாரு கண்டா?"

மயில்தாய் வெடுக்கென்று திரும்பித் தன் வீட்டுக்குப் போனாள். அப்புறம் இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை. குழாயடியில்கூட ஒருத்தி குடம் நிறையும்வரை மற்றவள் தள்ளி நின்றாள். ஒரே மீட்டர் ஐந்து குடும்பத்தைக் கட்டிப்போட்டிருந்தது. அதே மீட்டர் ஐந்து குடும்பத்தையும் பிரித்தும் வைத்தது.

விசிறிக்கு மட்டும் வேலையில்லாததால் யோசிக்க நேரம் இருந்தது. திறந்திருந்த கதவு வழியே அது வெளியே பார்த்துக்கொண்டே இருந்தது. மாடி வீட்டு கேட்டின் தூணில் ஒரு கேமரா இருந்தது. ராப்பகலாக லைன் வீட்டு வாசலையே முறைக்கிற கேமரா. யார் வருகிறார்கள், யார் போகிறார்கள், யார் வீட்டில் விருந்தாளிகள் தங்குகிறார்கள் என்று பார்த்து ரத்னசபாபதிக்குச் சொல்வது அதன் வேலை. அந்தக் கேமராவின் வயர் தூணில் இறங்கி, சுவரோரம் ஊர்ந்து, லைன் வீட்டு மீட்டருக்குக் கீழே வந்து நுழைந்தது.

"அடப்பாவி!" என்றது விசிறி. "நீதானா?"

கேமரா சிரித்தது. "நான் எல்லாரையும் பார்க்கிறேன். என்னை யாரும் பார்ப்பதில்லை."

"எங்கள் கரண்டைக் குடித்துக்கொண்டு எங்களையே வேவு பார்க்கிறாயே!"

"நான் குடிப்பது ஒரு வாய்தான். அதற்கே நீங்கள் இவ்வளவு சண்டை போட்டுக்கொள்கிறீர்கள் பார், அதுதான் எனக்குப் பொழுதுபோக்கு."

பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். லைன் வீட்டுக்காரர்கள் சந்தேகப்பட வேண்டிய ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றையும் சந்தேகப்பட்டார்கள். விசிறி முனகிப் பார்த்தது, ஆடிப் பார்த்தது. மயில்தாய் நிமிர்ந்து பார்த்து, "காத்துல ஆடுது போல. காத்து எங்கடா வருது?" என்று சொல்லிவிட்டுப் பிசிறு வெட்டப் போய்விட்டாள்.

ராத்திரியில் கொஞ்ச நேரம் விசிறியைத் தள்ளிவிடுவாள். அந்த நேரத்தில்தான் குழந்தை தூங்கும். ஒவ்வொரு ராத்திரியும் காயில் இன்னும் கொஞ்சம் சூடேறுவதை விசிறி உணர்ந்தது.

"என்னிடம் இன்னும் கொஞ்சம்தான் மிச்சம்," என்று அது சுவிட்சிடம் சொன்னது. "அதைப் பகலில் வீணாக்கமாட்டேன். இந்தக் கத்திரி முடியும்வரை இந்தக் குழந்தைக்கென்று வைத்திருக்கிறேன்."

"புது விசிறி வந்துவிடுமே," என்றது சுவிட்ச்.

"வரட்டும். வந்த பிறகு நம்புகிறேன்."

உச்சி வெயில் கொளுத்திய ஒரு பகலில் சலுகை வந்தே விட்டாள்.

அவள் கெட்டவள் இல்லை. அதைச் சொல்லிவிட வேண்டும். முகத்தில் நிஜமான கனிவு இருந்தது. அவளுக்கு முன்னால் அளவுகோல் நடந்துவந்தான். நெட்டையன், ஒல்லி, உடம்பெல்லாம் கோடு. அவனுக்கு ஒரே ஒரு பாடம்தான் தெரியும். ஒரு மீட்டர் என்றால் ஒரு குடும்பம்.

முதலில் மாடி வீட்டுக்குப் போனார்கள். கேட் பூட்டியிருந்தது. உள்ளே நாய் குரைத்தது. மாடிச் சன்னலை ஒரு விரற்கடை திறந்து ரத்னசபாபதி எட்டிப் பார்த்தார். அந்த விரற்கடை வழியாக உள்ளேயிருந்த ஏ.சி. குளிர் ஒரு துளிகூட வெளியே சிந்தவில்லை.

"ஏனுங்க, என்ன வேணும்? நாய் இருக்குதுங்க. அங்கயே நில்லுங்க."

"ஐயா, புது விசிறி கொடுக்க வந்திருக்கிறேன். உள்ளே வந்து..."

"உள்ள எதுக்குங்க வாறீங்க? மீட்டரு கேட்டுக்குப் பக்கத்துலயே இருக்குது பாருங்க. நாலு இருக்குது. நல்லாப் பாத்துக்கோங்க." சன்னல் மூடிக்கொண்டது.

அளவுகோல் நாலு மீட்டர்களின் முன்னாலும் நின்றான்.

"நீ எப்படி?" என்று கீழ்த்தள மீட்டரைக் கேட்டான்.

"கீழே ஒருவரும் இல்லை ஐயா. எல்லாம் மாடியில்தான்."

"நீ?" என்று மாடி மீட்டரைக் கேட்டான்.

"இங்கே எல்லாம் புதுச் சாமான். மேலே வெயிலில் கரண்ட் காய்ச்சுகிற பலகைகூட உண்டு. எனக்கு ஓட வேலையே இல்லை."

மோட்டார் மீட்டர், தான் காலையில் ஒருமுறை கண் விழிப்பதோடு சரி என்றது. கார் கொட்டகை மீட்டர் கொட்டாவி விட்டுக்கொண்டு, "என் வீட்டில் ஆளே கிடையாது," என்றது.

"ஆள்கூட இல்லாத ஏழை!" என்று அளவுகோல் உருகிப்போனான். "சலுகை, இங்கே நாலு குடும்பம் இருக்கிறது. நாலும் பரம ஏழைக் குடும்பம்."

சலுகை இவ்வளவு நேரமும் தெருவில் வெயிலில் நின்றிருந்தாள். தண்ணீர் வேண்டுமா என்று கேட்க ஆளில்லை. முதுகெல்லாம் நனைந்துவிட்டது. "ஆமாம்," என்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "என்ன புழுக்கம்! இங்கே ஒரு பொட்டுக் காற்றுகூட இல்லையே. பாவம்."

அடுத்து லைன் வீட்டுக்கு வந்தார்கள். வாசற்படி பள்ளம், நிலை குட்டை. உள்ளே போக வேண்டுமென்றால் யாராயிருந்தாலும் குனிய வேண்டும்.

"நீ உள்ளே போய்ப் பார்," என்றான் அளவுகோல். "நான் குனியமாட்டேன். வளைந்த கோலால் அளக்க முடியாது. இங்கேயே நின்று மீட்டரைப் பார்க்கிறேன்."

மீட்டர் அப்போது கேமராவின் ஒரு வாய்க்கு மட்டும் மெதுவாக ஊர்ந்துகொண்டிருந்தது. அளவுகோலைப் பார்த்ததும் மூச்சைக்கூட அடக்கிக்கொண்டது. இவ்வளவு நாள் பட்ட பாட்டுக்கு இன்னும் கொஞ்ச நேரம் இப்படியே இருந்தால் போதும்.

சலுகை குனிந்து சகாயராணி வீட்டுக்குள் நுழைந்தாள்.

வெயிலில் வேர்த்து வந்த பெண்ணைப் பார்த்ததும் சகாயராணிக்குச் சலுகையும் மறந்துபோயிற்று, மீட்டரும் மறந்துபோயிற்று. "அய்யய்யோ, வாங்க மேடம், இப்பிடியா வெயில்ல வாறது?" என்று பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். கை அதுபாட்டுக்குச் சுவருக்குப் போயிற்று. சொடுக்கென்று விசிறியைப் போட்டது. வீட்டுக்கு ஒருத்தர் வந்தால் முதலில் விசிறி, அப்புறம் தண்ணீர், அப்புறம்தான் பேச்சு. அந்தக் கைக்கு வேறு எதுவும் தெரியாது.

போட்ட பிறகுதான் சகாயராணிக்கு நினைவு வந்தது. வந்தவள் தலைக்கு மேல் சுற்றுகிற விசிறியை நிறுத்துவதா? வாசலுக்கு வந்தவளைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளுவதும் அதுவும் ஒன்றுதானே. அவள் நிறுத்தவில்லை.

இரண்டாம் வீட்டிலும் போட்டார்கள். மூன்றாம் வீட்டிலும் போட்டார்கள். சலுகை எழுந்து போன பிறகும், மறுபடி எட்டிப் பார்ப்பாளோ என்று யாரும் நிறுத்தவில்லை.

நாலாம் வீட்டு விசிறி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தது. "இதுதான் கொம்பு," என்று முனகியது. "சுவிட்சே, நீயாவது புத்தியோடு இரு. அவள் அமுக்கினால் ஒட்டிக்கொள்."

"அமுக்கினால் போடத்தான் எனக்குத் தெரியும்," என்றது சுவிட்ச்.

மயில்தாய்க்கு எல்லாம் நினைவிருந்தது. மீட்டரும் நினைவிருந்தது, அளவுகோல் வாசலில் நிற்பதும் தெரிந்தது. சலுகை உள்ளே வந்து உட்கார்ந்ததும் அவள் கை சுவிட்ச் வரை போய் நின்றது. அந்த நேரம் பார்த்து முதல் வீட்டு விசிறியின் சத்தம் கேட்டது. பேச்சுவார்த்தை இல்லாத சகாயராணியே போட்டிருக்கிறாள். மயில்தாய் வீட்டில் மட்டும் வந்தவளை வேகவைத்து அனுப்பினார்கள் என்ற பேச்சு வருமே! அமுக்கினாள்.

விசிறி முனகியது. சுற்றவில்லை.

சுற்றக்கூடாது என்று பிடிவாதமாக நின்றது. இருந்த நோயையெல்லாம் ஒன்றாகத் திரட்டிக்கொண்டு நின்றது. 'விட்டுவிடு தாயே. ஓடாத விசிறி என்று தெரிந்தால்தான் அவளுக்குப் புரியும். அப்படியே விட்டுவிடு.'

"பழசு மேடம், கொஞ்சம் மக்கர் பண்ணும்," என்று மயில்தாய் வெட்கத்தோடு சிரித்தாள். அந்தச் சிரிப்பில் அவளுக்குக் காது மடலெல்லாம் சிவந்துபோயிற்று. மூலையிலிருந்த துணிக்கம்பை எடுத்து இறக்கையை ஒரு தள்ளு தள்ளினாள். விசிறி தடுத்துப் பார்த்தது. இன்னும் பலமாகத் தள்ளினாள்.

சுற்றியது. கடகடவென்று, இருந்த உயிரையெல்லாம் கொட்டிச் சுற்றியது. அந்தக் காற்று பட்டதும் ஈரத்துணியில் சிணுங்கிக்கொண்டிருந்த பொன்மலர் அழுகையை நிறுத்திவிட்டுத் தூங்கிப்போனாள்.

"என்ன அமைதியான குழந்தை!" என்றாள் சலுகை. "இங்கே நன்றாகத் தூங்குமோ?"

"தூங்கும் மேடம்."

"உனக்கு ஏதாவது குறை இருந்தால் சொல்லம்மா. அதற்குத்தான் வந்திருக்கிறேன்."

மயில்தாய் வாயைத் திறந்தாள். வீடு தேடி வந்து உட்கார்ந்திருப்பவளிடம், தண்ணீர்கூடக் குடித்து முடிக்காதவளிடம், பஞ்சப்பாட்டு பாடுவதா என்று ஒரு கூச்சம் வந்துவிட்டது.

"ஒரு குறையும் இல்ல மேடம். நீங்க இருந்து காப்பி குடிச்சிட்டுத்தான் போகணும்."

மேலே விசிறி கத்தியது. மனிதர்களின் காதில் அது கடகடவென்றுதான் விழுந்தது.

சலுகை காப்பி குடித்தாள். ஐந்தாம் வீட்டிலும் விசிறிக் காற்றில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு, வேர்வை உலர்ந்து, முகம் தெளிந்து வெளியே வந்தாள்.

அளவுகோல் மீட்டரைச் சுட்டிக்காட்டினான். "பார்த்தாயா? பறக்கிறது."

"நீங்கள் வரும்வரை நான் ஊர்ந்துகொண்டுதான் இருந்தேன்!" என்று கதறியது மீட்டர். "இது உங்களுக்காக ஓடுகிற ஓட்டம்!"

"இப்போது ஓடுகிறாயா இல்லையா?"

"ஓடுகிறேன்," என்றது பொய் சொல்லத் தெரியாத மீட்டர்.

சலுகைக்கு மனசு கேட்கவில்லை. "உள்ளே ஐந்து குடும்பம் இருப்பது போலத் தெரிந்ததே," என்றாள்.

"ஒரு மீட்டர், ஒரு குடும்பம். ஒரே குடும்பம் பட்டப்பகலில் ஐந்து விசிறியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. சரி, என்னை விடு. நீதான் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தாயே, நீயே சொல். உள்ளே புழுக்கமாக இருந்ததா?"

சலுகை யோசித்தாள். அவளும் பொய் சொல்கிறவள் இல்லை.

"இல்லை. போன இடமெல்லாம் நல்ல காற்று."

"ஏதாவது குறை சொன்னார்களா?"

"ஒருவரும் சொல்லவில்லை."

"அந்த மாடி வீட்டில்?"

"வெந்துபோனேன்."

"அப்புறம் என்ன?" என்றான் அளவுகோல்.

வண்டி திரும்பியது. நாலு புது விசிறிகள் மாடி வீட்டு கேட்டுக்குள் போயின. தூணிலிருந்த கேமரா ஒன்றுவிடாமல் எல்லாவற்றையும் பார்த்தது. யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.

லைன் வீட்டில் ஐந்தாம் கதவு விசிறி நின்றது. பிறகு மூன்றாவது நின்றது, இரண்டாவது நின்றது, முதலாவதும் நின்றது. நாலாவதை யாரும் நிறுத்த வேண்டியிருக்கவில்லை. சலுகையின் வண்டி முட்டுச்சந்தைத் தாண்டும் முன்பே அதற்குள் ஏதோ கருகுகிற வாசனை வந்தது. ஒரு முனகல், கொஞ்சம் புகை, அவ்வளவுதான். அந்தக் குழந்தைக்கென்று பொத்திப் பொத்தி வைத்திருந்ததெல்லாம் வந்தவளின் வேர்வைக்குச் செலவாகிவிட்டது.

மயில்தாய் கம்பால் தள்ளிப் பார்த்தாள். இறக்கை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு நின்றது. மறுபடி தள்ளினாள். மறுபடி நின்றது. பொன்மலர் விழித்துக்கொண்டு வீறிட்டாள்.

சத்தம் கேட்டுச் சகாயராணி ஓடிவந்து நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். புகை வாசனையை மோந்தாள். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நீ ஏன்டி போட்ட?" என்றாள் சகாயராணி.

"நீங்க ஏன்க்கா போட்டீங்க?"

சகாயராணி குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்குக் கொண்டுபோனாள். அங்கேயும் அனல்தான்.

சாயங்காலம் மாடி வீட்டில் பெட்டிகளைப் பிரிக்கிற சத்தம் கேட்டது. ரத்னசபாபதி ஒரு விசிறியைக் கார் கொட்டகையில் மாட்டினார். காருக்கும் வியர்க்கும் அல்லவா? மிச்சம் மூன்றையும், எதற்கும் இருக்கட்டும் என்று பரணில் போட்டார். காலிப் பெட்டிகளைச் சுவருக்கு மேலே தூக்கி வீசினார். லைன் வீட்டுப் பக்கம்தான் அவர் எப்போதும் குப்பையை வீசுவது.

மயில்தாய் ஓர் அட்டையை எடுத்துவந்தாள். கைக்கு வாகாக மடித்துக்கொண்டு குழந்தையின் பக்கத்தில் உட்கார்ந்து வீசத் தொடங்கினாள். அட்டை மேலும் கீழும் போய்வந்தது. அதில் மூன்று இறக்கையோடு பளபளவென்று ஒரு விசிறியின் படம் அச்சடித்திருந்தது. படத்துக்குக் கீழே, கொட்டை எழுத்தில், 'ஏழைகளின் இல்லத்துக்கு' என்றிருந்தது.

மேலே கருகித் தொங்கிய பழைய விசிறி அந்தப் படத்தையே வெகுநேரம் பார்த்தது.

"இவ்வளவு நாளும் வீணாகச் சந்தேகப்பட்டுவிட்டேன்," என்று அது சுவிட்சிடம் சொன்னது. "சலுகை சொன்னபடி புது விசிறி வந்துவிட்டது பார். சொட்டுக் கரண்ட்கூடக் குடிக்கவில்லை."